டெகு தோல் உரிக்கத் திணறினால், கடிக்க வந்தால்: கோலாலம்பூரில் வளர்ப்பவர்களுக்கு

கோலாலம்பூரில் சாதாரண நாளிலேயே காற்றின் ஈரப்பதம் 70, 80 விழுக்காட்டில் நிற்கும், மழை நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் டெகு என்ற பெரிய தென்னமெரிக்கப் பல்லியை வாங்குகிற பலர் ஈரப்பதத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால் அந்தப் பிராணி வாழ்வது ஏர்கோன் ஓடுகிற கொண்டோ அறையில், சூடான விளக்குக்கு அடியில், மேலே முழுக்க வலை அடித்த கூண்டுக்குள். அங்கே மீட்டரை வைத்துப் பாருங்கள், 45, 50 காட்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே டெகுவின் விரல் நுனி காய்ந்து கறுத்துக்கொண்டிருக்கும்.

டெகு வளர்ப்பவர்களிடம் பேசினால் இரண்டு புகார் நிச்சயம் வரும். தோல் ஒழுங்காக உரியவில்லை என்பது ஒன்று, கடிக்க வருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் சம்பந்தமில்லாத தனித்தனிப் பிரச்சினையாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு எண்ணெய் தேடுகிறார்கள், இன்னொன்றுக்கு தடிமனான கையுறை தேடுகிறார்கள். நான் சொல்கிற வரிசை இதுதான்: முதலில் கூண்டைச் சரிசெய்யுங்கள், அப்புறம் தோலைப் பாருங்கள், குணத்தைக் குறை சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரலைப் பழைய தோல் இறுக்கிப் பிடித்து வலிக்கும்போது நாம் கையை நீட்டினால் அது கடிக்காமல் என்ன செய்யும்?

இங்கே எழுதுவதெல்லாம் அர்ஜென்டினாக் கறுப்பு வெள்ளை டெகுவையும் சிவப்பு டெகுவையும் மனதில் வைத்து. ஆண் 4 அடியைத் தாண்டி வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டு வாழும். கொலம்பியா டெகு உருவத்தில் சிறியது, சிடுசிடுப்பில் பெரியது. அதை வைத்திருப்பவர்கள் கீழே நான் சொல்லும் பொறுமையை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

தோல் எப்படி உரியும், எங்கே மாட்டும்

பாம்பு போல ஒரே சட்டையாகக் கழற்றாது. டெகு துண்டு துண்டாகத்தான் உரிக்கும், முதுகில் ஒரு பக்கம் உரிந்திருக்கும், தொடையில் இன்னும் பழையது ஒட்டியிருக்கும், தலைக்கு இன்னொரு வாரம் ஆகலாம். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்துபோய் உரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, உடம்பில் தொங்குகிற துண்டு தானாக விழும். வேகமாக வளர்கிற குட்டி சில வாரங்களுக்கு ஒரு தடவை உரிக்கும், வளர்ந்தது அவ்வளவு அடிக்கடி உரிக்காது. உரிப்பதற்கு முன்னால் நிறம் மங்கி, தோல் வெளுத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியது போல இருக்கும். அந்த நாட்களில் சாப்பாடு குறையலாம், தொட்டால் சீறலாம்.

கவனிக்க வேண்டிய இடம் இரண்டுதான்: கால் விரல்கள், வால் நுனி. இங்கே பழைய தோல் வளையம் வளையமாகத் தங்கிவிடும். அடுத்த தடவை உரிக்கும்போது அதன்மேல் இன்னொரு வளையம் சேரும், அது காய்ந்து சுருங்கச் சுருங்க ரத்த ஓட்டம் நின்று, நுனி முதலில் வீங்கி, பிறகு கருஞ்சிவப்பாகி, கடைசியில் கரிக்கட்டையாகக் காய்ந்து விழுந்துவிடும். ஒவ்வொரு தடவை உரித்து முடித்ததும் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலையும் தனியாகப் பாருங்கள். நகத்துக்கு அடியில் நூல் சுற்றியது போல ஒரு கோடு தெரிந்தால் அதுதான்.

கூண்டுக்குள் ஈரம்

முதலில் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள், முள் ஓடுகிற வட்ட மீட்டர் சும்மா அழகுக்குத்தான், நம்ப முடியாது. அதன் முனையைக் கூண்டின் நடுவில், டெகு நடமாடும் உயரத்தில் வையுங்கள். 70 முதல் 80 விழுக்காடு வேண்டும். மேலே வலை இருந்தால் விளக்கு போகும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பலகையாலோ தடித்த பிளாஸ்டிக்காலோ மூடுங்கள், இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏர்கோன் காற்று நேராகக் கூண்டின்மேல் அடித்தால் கூண்டை இடம் மாற்றுங்கள், அல்லது ஏர்கோன் இல்லாத அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நம் ஊர் இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் போகும், அது டெகுவுக்குத் தாராளமாகப் போதும், இரவில் தனியாகச் சூடு தேவையில்லை. ஆனால் தூங்குகிற அறையில் வைத்துக்கொண்டு ஏர்கோனை 18இல் விட்டால் அது வேறு கதை. குளிரும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும்.

தரைக்குத் தேங்காய் நார்த் தூளும் நார்ச் சில்லுகளும் கலந்து ஒரு அடியாவது நிரப்புங்கள். சுங்கை பூலோ பக்கம் செடி நர்சரிகளில் செல்லப்பிராணிக் கடையைவிட மலிவாகக் கிடைக்கும், உரம் கலக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும், மலிவான நாரில் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து ஒன்றிரண்டு தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுவது நல்லது. தண்ணீரை மேலே தெளிப்பதில் பெரிய பயன் இல்லை, விளக்கு அரை மணி நேரத்தில் காயவைத்துவிடும். ஓரங்களில் அடிவரை இறங்கும்படி ஊற்றுங்கள், அடி ஈரமாகவும் மேல் தளம் ஏறக்குறைய உலர்ந்தும் இருக்க வேண்டும். டெகு தோண்டும் பிராணி, அதற்கு ஈரம் வேண்டுமென்றால் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் எதிர்ப்பக்கமும் உண்டு: ஈரம் நல்லது என்று கேள்விப்பட்டு மேல் தளமே சதசதவென்று இருக்கும்படி விட்டால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கிளம்பி, பழுப்பு நிறப் புண்ணாகிவிடும். வெள்ளைப் பூஞ்சை பிடித்த பகுதியை அள்ளி எறிந்துவிட்டு மீதியைக் கிளறிவிடுங்கள்.

விளக்குக்குக் கீழே வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 45 முதல் 50 டிகிரி இருக்கட்டும், சிறிய குட்டிக்கு 40ஐ ஒட்டி. மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கிதான் சரி. எதிர் மூலை 25 முதல் 28 வரை. புற ஊதா விளக்குக்கு நீளக் குழாய் வகை வாங்குங்கள், வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காலை வெயிலில் கூட்டிப் போகிறீர்களா, ரொம்ப நல்லது, நிழலும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

மாட்டிய தோலை எடுப்பது

ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 30 முதல் 32 டிகிரிச் சூட்டில், தோள்பட்டை அளவுக்கு மேல் போகாமல் தண்ணீர் விட்டு, 20, 30 நிமிடம் ஊறவிடுங்கள். தலையை எளிதாக மேலே வைத்துக்கொள்ள முடிய வேண்டும், பக்கத்திலேயே இருங்கள். அதற்குள் நிச்சயம் தண்ணீரில் கழிந்து வைக்கும், உடனே மாற்றுங்கள். பிறகு ஈரத் துண்டுக்குள் அதை நடக்கவிடுங்கள், துணியின் சொரசொரப்பே பாதியை எடுத்துவிடும். விரலுக்கு, ஈரமான காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலிருந்து நுனியை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் நாளைக்கு. இழுத்துப் பிய்த்தால் கீழே இருக்கிற புதுத் தோலும் சேர்ந்து வரும், கிருமி போகும், அதைவிட முக்கியமாக உங்கள் கை வலி கொடுக்கும் கை என்று டெகு மனதில் பதிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும், பாட்டி சொல்லாமல் இருக்கமாட்டார். ஊறவைத்த பிறகு விரலிலும் வால் நுனியிலும் ஒரு துளி தடவலாம், தோல் மிருதுவாகும். உடம்பு முழுக்கப் பூசி விடாதீர்கள், நார்த்தூள் எல்லாம் ஒட்டி அப்பிக்கொள்ளும். கண்ணைச் சுற்றி ஒட்டியிருக்கும் தோலை எதைக் கொண்டும் தொடாதீர்கள்.

பாதித் தோல் பிரச்சினை சாப்பாட்டிலிருந்து வருவது. கோழி மார்புச் சதையை மட்டும் வெட்டிப் போட்டு வளர்த்தால் கால்சியமும் கிடைக்காது, வைட்டமினும் கிடைக்காது. உறைநிலையிலிருந்து இளக்கிய எலி, காடை, கோழிக் கால், கொஞ்சம் ஈரல், பெரிய பூச்சிகள், இடையிடையே பப்பாளி, மாம்பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சி என்றால் மேலே கால்சியப் பொடி தூவ வேண்டும். முட்டையை வேகவைத்துக் கொடுங்கள், பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினை உடம்பில் சேரவிடாது, அடிக்கடி கொடுத்தால் தோல்தான் முதலில் கெடும். ஈரலில் வைட்டமின் ஏ இருக்கிறது, அது குறைந்தாலும் தோல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அளவு மிஞ்சினாலும் தோலுக்குக் கேடு, ஆகவே தினமும் ஈரல் வேண்டாம். வளர்ந்த டெகுவுக்கு வாரத்தில் மூன்று, நான்கு நாள் சாப்பாடு போதும். புரட்டாசி மாதம் முழுக்க வீட்டு ஐஸ்பெட்டியில் அசைவம் நுழையாத குடும்பமாக இருந்தால் சின்னதாக ஒரு தனி உறைபெட்டி வாங்கி வராந்தாவில் வைத்துவிடுங்கள். டெகு விரதம் இருக்காது, அம்மாவும் எலியோடு சாம்பார்க் காய்கறியை வைக்கச் சம்மதிக்கமாட்டார்.

கடிக்க வருவதில் வகை உண்டு

எல்லாவற்றையும் கோபம் என்று ஒரே மூட்டையில் கட்டினால் எதையும் சரிசெய்ய முடியாது. பயந்த டெகு உடம்பைத் தட்டையாக்கி உப்பும், புஸ்ஸென்று மூச்சு விடும், வாலால் விளாசும், வழி கிடைத்தால் ஓடிவிடும். பசி வேகத்தில் இருக்கும் டெகு சத்தமே போடாது, நாக்கை வேகவேகமாக நீட்டிக்கொண்டு, கண்ணை ஒரே இடத்தில் குத்தியபடி நேராக உங்களை நோக்கி வரும். பார்க்கிறவர்கள் "பாசமா வருது" என்பார்கள், கடி அதிகம் விழுவது இந்த நேரத்தில்தான். பருவத்துக்கு வந்த ஆண், முதுகை வளைத்து, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தரையில் தேய்த்து மிதித்துக் காட்டும். வலியில் இருப்பது, நேற்று வரை கையில் ஏறிய பிராணி இன்று திடீரென்று ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் திரும்பும். அந்த இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் விரலோ வாலோ தாடையோ.

நம் வீடுகளில் ஒரு தனி ஆபத்து, நாம் எல்லோரும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். தரையில் உலாத்துகிற டெகுவின் கண் உயரத்தில் அசைகிற கால் விரல் ஒரு எலிக்குஞ்சு. தீபாவளிக்கு மருதாணியும் சிவப்பு நகப்பூச்சும் போட்டிருந்தால் இன்னும் நன்றாகவே தெரியும். அது வெளியே திரியும் நேரத்தில் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்த மாமியையும் போடச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்த அறைக்கே விடாதீர்கள்.

பசிக் கடியை நிறுத்துவது எல்லாவற்றிலும் எளிது. கையால் ஊட்டாதீர்கள், ஒரு தடவைகூட. நீளமான இடுக்கியில் கொடுங்கள், அல்லது ஒரே நிறத் தட்டில் வைத்துக் கொடுங்கள், அந்தத் தட்டு வந்தால்தான் சாப்பாடு என்று அதற்குப் புரிய வேண்டும். தூக்கப் போகும்போது தட்டுக்குப் பதில் ஒரு மழுங்கிய குச்சியால் விலாவில் மெதுவாகத் தொட்டுவிட்டு, நாக்கு வேகம் தணிந்த பிறகு கையை உள்ளே விடுங்கள். கோழி வெட்டிய கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கூண்டுப் பக்கம் போகவே கூடாது. தனிப் பெட்டிக்கு மாற்றித்தான் ஊட்ட வேண்டுமா என்று வளர்ப்பவர்களுக்குள் தீராத சண்டை இருக்கிறது. குட்டிக்குச் சரி, ஆனால் 4 அடி டெகுவைச் சாப்பாட்டு ஆவேசத்தில் பெட்டியிலிருந்து திரும்பத் தூக்குவதுதான் அந்த நாளிலேயே ஆபத்தான வேலை என்பது என் எண்ணம்.

பயத்துக்கு மருந்து நேரம்தான். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய டி-சட்டையை மறைவிடத்தில் போட்டுவையுங்கள், உங்கள் வாடை பழகட்டும். கூண்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள், அது தானாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை கையை நீட்ட வேண்டாம். மேலிருந்து கையை இறக்காதீர்கள், அதன் உலகத்தில் மேலிருந்து வருவது பருந்து. பக்கவாட்டில், மார்புக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, நான்கு காலுக்கும் பிடிமானம் கிடைக்கும்படி தூக்குங்கள். வாலைப் பிடித்தால் முறிந்து கையோடு வந்துவிடலாம், மறுபடி முளைப்பது பழையது போல இருக்காது. அது சீறியவுடன் கையை வெடுக்கென்று எடுத்தால் சீறினால் போதும் என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் அப்படியே வைத்திருந்து, மூச்சு சீரானதும் எடுங்கள். ஆனால் வாயைத் திறந்துகொண்டு கழுத்தை வளைத்தால் வீரம் வேண்டாம், கதவை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். தோல் உரிக்கும் நாட்களில் இந்தப் பழக்கத்தையெல்லாம் நிறுத்தி வையுங்கள், குளியல் மட்டும் போதும்.

பருவக் கோபத்தைப் பழக்கித் தீர்க்க முடியாது, கடக்கத்தான் வேண்டும். ஆணுக்கு இரண்டு, மூன்று வயதில் தாடை உப்பி, கன்னம் தொங்க ஆரம்பிக்கும். சில மாதங்களுக்கு நீங்கள் வளர்த்த பிராணி காணாமல் போய்விடும். ஹார்மோன் அந்த உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சான்று: இனப்பெருக்கப் பருவத்தில் டெகு தன் உடம்பைச் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை கூடுதல் சூட்டில் தானே வைத்துக்கொள்கிறது என்று பிரேசில், கனடா ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள், பல்லி இனத்தில் இது அதிசயம். அதன் சொந்த ஊரில் குளிர்காலம் முழுக்க வளைக்குள் கிடந்துவிட்டு, வசந்தத்தில் வெளியே வந்ததும்தான் இந்தப் பருவம் ஆரம்பிக்கும். நம் ஊரில் குளிர்காலமும் இல்லை, பகல் நேரமும் ஆண்டு முழுக்க ஒன்றுதான், அதனால் இது எந்த மாதம் வரும் என்று நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் வைக்காதீர்கள், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துப் பாய்ந்தால் உள்பக்கம் காகிதம் ஒட்டுங்கள், தூக்குவதைக் குறைத்துத் தோண்டுவதற்கும் நடப்பதற்கும் இடத்தை அதிகப்படுத்துங்கள். வளர்ந்ததற்கு 8 அடிக்கு 4 அடி தரை என்பது குறைந்தபட்சம், இடநெருக்கடியே பல டெகுவின் கோபத்துக்குக் காரணம். பெண் டெகு வயிறு பருத்து, இடைவிடாமல் தோண்டி, கிட்டே விடாமல் இருந்தால் முட்டையாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலும் முட்டை உண்டாகும், வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னும் சில உள்ளூர் எரிச்சல்கள்: சீனப் புத்தாண்டு, தீபாவளி வெடிச்சத்தம், பக்கத்து வீட்டு டிரில் வேலை, கொசுவுக்கு அடிக்கும் புகை. புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் ஜன்னலை மூடி, தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடுங்கள். கூண்டு இருக்கும் அறையில் கரப்பான் மருந்து அடிக்காதீர்கள், கொசுவத்தியும் சாம்பிராணியும் வேறு பக்கம் போகட்டும்.

கடித்துவிட்டால்

கையை இழுக்காதீர்கள், கடிக்குப் பிறகு நடக்கும் கிழிசல்தான் பெரிய சேதம். அதன் உடம்பைத் தரையில் தாங்கும்படி வைத்து, தலைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், தானாக விடும். புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பல நிமிடம் கழுவிவிட்டு கிளினிக்குப் போங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்பார்கள். வளர்ந்த டெகுவின் தாடை விரலை நசுக்கும் வலு உள்ளது, வீக்கம் ஏறினாலோ விரல் மடங்காவிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு. சல்மோனெல்லா கிருமி பயமும் உண்டு, டெகு குளித்த தொட்டியைச் சமையலறைச் சிங்கில் கழுவாதீர்கள்.

கால்நடை மருத்துவரிடம் எப்போது? விரலோ வால் நுனியோ கறுத்திருந்தால், மூன்று நான்கு நாள் ஊறவைத்தும் வளையம் அசையாவிட்டால், வயிற்றில் கொப்புளம் இருந்தால், செதில் இடுக்கில் கறுப்போ சிவப்போ புள்ளி நகர்ந்தால் அது உண்ணி, சாந்தமாக இருந்தது காரணமில்லாமல் திடீரென மாறினால். பூனை நாய் மட்டும் பார்க்கும் கிளினிக்கில் நேரத்தை வீணாக்காமல், ஊர்வன பார்ப்பீர்களா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செர்டாங் யூபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. டெகு, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பிராணி, விற்றவர் கொடுத்த பத்திரங்களைக் கோப்பில் வையுங்கள், உரிமம் பற்றிய சந்தேகத்தை வாங்குவதற்கு முன்பே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் கேட்டுவிடுங்கள்.

சமாளிக்க முடியவில்லை என்று தோன்றினால் அனுபவமுள்ள இன்னொருவருக்குக் கொடுங்கள், லோங்காங் என்கிற சாக்கடையிலோ காட்டிலோ விடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படி வெளியே போன டெகுக்கள் பெருகிப் பறவை, முதலை முட்டைகளைத் தின்று, கடைசியில் 2021இல் அந்த மாநிலம் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தப்பி ஓடிவிட்டால் தாமான் வாட்ஸ்அப் குழுவில் உடனே படத்தோடு போடுங்கள், இல்லாவிட்டால் பியாவாக் (உடும்பு) என்று நினைத்து யாராவது கட்டையைத் தூக்குவார்கள்.